காட்டுப்பன்றிக்குத் துவக்கு எடுக்குமுன்: காணியும் அனுமதியும்

பெரும்போக நெல்லிற் கதிர் பால் கட்டும் காலம் கமக்காரருக்கு நித்திரையற்ற காலமாகும். உழவு, விதைப்பு, பசளை, களை என்று மாதக்கணக்காய்ப் பட்ட பாட்டின் பயன் கண்ணுக்குத் தெரியும் வேளையிலேயே காட்டுப்பன்றியும் வயலைத் தேடி வருகின்றது. அது தின்பது கொஞ்சம். உழக்கிச் சாய்ப்பது அதிகம். மேட்டுநிலத்து மரவள்ளி, வற்றாளை, நிலக்கடலை ஆகியவற்றை ஒரே இரவிற் கிளறிப் போட்டுவிட்டுப் போகும் பன்றிக்கூட்டத்தை அறியாத ஊர் வன்னியிலும் கிழக்கிலும் இல்லையெனலாம்.

இந்நிலையில் ஒரு துவக்கு இருந்தாற் போதும் என்று கமக்காரர் எண்ணுவது இயல்பே. ஆயினும் துவக்கு எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். சுடப்போவது எவருடைய காணியில்? எவருடைய சம்மதத்துடன்? எந்த விலங்கை? இம்மூன்றுக்கும் தெளிவான விடையின்றி எடுக்கப்படும் துவக்கு, பன்றியைக் காட்டிலும் கமக்காரருக்கும் அவருடைய அயலவருக்குமே பெருங்கேட்டை விளைவிக்கும்.

பன்றி இரண்டு காணிகளில் வாழும் விலங்கு

காட்டுப்பன்றி பகலில் அடர்ந்த பற்றையிலும் குளத்தின் மேலுள்ள காட்டிலும் படுத்திருக்கும், பொழுது சாய்ந்தபின் வயலுக்கு இறங்கும், விடியுமுன் திரும்பிவிடும். அது படுக்கும் இடம் பெரும்பாலும் அரச காணி. மேயும் இடம் கமக்காரரின் காணி. அரச காட்டினுள் துவக்கோடு புகுவதற்குப் பயிர்ச்சேதம் ஒரு நியாயமாகாது. ஆகையாற் பன்றியை அதன் படுக்கையிற் சென்று தேடாமல், அது பயிருக்குள் வரும் வழியிற் காத்திருப்பதே முறையாகும். வேலியின் பயிர்ப்பக்கமே கமக்காரருக்குரிய பக்கம் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒதுக்கப்பட்ட இடங்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வில்பத்து 1938 ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாக உள்ளது. மடு வீதி, சுண்டிக்குளம் ஆகிய சரணாலயங்கள் 2015 ஆம் ஆண்டில் தேசிய பூங்காக்களாக ஆக்கப்பட்டன. கட்டுக்கரைக்குளம், கொக்கிளாய் ஆகியவை சரணாலயங்களாகும். பூங்காவினுள்ளும் சரணாலயத்தினுள்ளும் எவ்வகைக் காட்டு விலங்கையும் அனுமதியின்றிச் சுடுதல் குற்றமாகும். காட்டுப்பன்றியும் இதற்கு விலக்கன்று. சரணாலய எல்லைக்குள் தனியார் வயல்களும் அடங்கியிருக்கக் கூடும். உறுதி தன் பெயரில் இருக்கின்றதென்று துவக்கு எடுத்த கமக்காரர், அவ்வயல் சரணாலயத்தினுள் இருப்பதைப் பின்னர் அறிந்து துன்பப்பட நேரலாம். எனவே காணி எல்லையை மட்டுமன்றிச் சரணாலய எல்லையையும் வனசீவராசிகள் அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரிய ஒதுக்குக் காடுகளைப் பற்றியும் அவ்வாறே விசாரித்தறிக.

சேதம் செய்தது எது?

பயிர் அழிந்த இடத்தைப் பகலிற் பார்த்தே சேதம் செய்த விலங்கைத் துணிய வேண்டும். ஈரநிலத்திற் பன்றியின் அடி பதியும்போது இரு குளம்புகளுக்குப் பின்னே, அகன்ற நிலையில், இரு சிறு குளம்புகளின் தடமும் காணப்படும். மண் உழுததுபோற் கிளறப்பட்டிருக்கும். வேலியின் அடியிற் பன்றி நுழைந்த கடவை வழுவழுப்பாய் இருக்கும். அருகே சேறாடிய குழியும், அச்சேற்றை உரைத்த மரங்களும் தென்படும். தடத்தின் விளிம்பு கூராயிருப்பின் அது அன்றிரவு வந்த தடம். விளிம்பு சரிந்து காய்ந்திருப்பின் பழையது.

மரவள்ளித் தண்டின் அடியிலும் தென்னங்கன்றின் குருத்திலும் உளியால் வெட்டியதுபோன்ற பல்லடையாளம் இருந்து, அயலில் முள்ளும் விழுந்து கிடந்தால், அது முள்ளம்பன்றியின் வேலை. பயிரின் நுனி மட்டும் மேயப்பட்டிருந்தால் மானோ மரையோ வந்திருக்கக் கூடும். மான், மரை, யானை, கரடி, சிறுத்தை ஆகியவை சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை; பயிரை அழித்தன என்ற காரணத்துக்காகவும் அவற்றைச் சுடலாகாது. மயில், மந்தி முதலியவற்றாலும் இன்று பெருஞ்சேதம் உண்டு. எனினும் வனசீவராசிகள் அலுவலரின் சொல்லைக் கேளாது அவற்றின்மேற் கைவைத்தல் ஆகாது.

சட்டம் கூறுவது

இவ்விடயத்தில் இரண்டு சட்டங்களைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம். இதன்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். திசெம்பர் 31 ஆந் திகதியோடு அது முடிவடைகின்றது. பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும்போதே ஆண்டு மாறுவதால், மார்கழியிற் புதுப்பிக்க மறந்தவர் தையிற் காவலுக்குப் போகும்போது சட்டத்துக்குப் புறம்பானவராகி விடுகின்றார். இதனை முக்கியமாகக் கவனிக்க.

அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. தந்தையின் துவக்கை மகனோ, அயலவரின் துவக்கை மற்றவரோ எடுத்துச் செல்லல் தகாது. பயிர்ப் பாதுகாப்புக்கெனப் புதிதாய் அனுமதி கோருபவர் கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்தை நாடி, தேவையான படிவங்களையும் ஒழுங்குகளையும் அறிந்துகொள்ளலாம். காணி தமக்குரியதென்பதையும், பயிர்ச்சேதம் உண்மையானதென்பதையும் காட்டுதற்கு வேண்டிய ஆவணங்களை அவர் சேர்த்து வைத்திருத்தல் நன்று. சேதம் நேர்ந்த திகதி, பயிர், பரப்பு ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வருபவருக்கு இவ்வேளையிற் சிரமம் குறையும்.

இரண்டாவது, 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். இது 1993 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் பெரிதும் திருத்தப்பட்டது. முன்னாளிற் சுடத்தக்கனவாயிருந்த விலங்குகள் சில இன்று பாதுகாக்கப்பட்டவை. ஆதலாற் பெரியோர் சொல்லிய பழைய வழக்கத்தை மட்டும் நம்பாது, நடைமுறையிலுள்ள பட்டியலை அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். இரவிற் சுடுவது, வெளிச்சம் பயன்படுத்துவது, இறைச்சியைக் கொண்டுசெல்வது, விற்பது ஆகியவை பற்றிய விதிகளையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

சம்மதம் தரவேண்டியவர் யார்?

துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் ஊருக்கு ஒருவர் இருவரே. ஆகையால் துவக்கில்லாதவர் துவக்குக்காரரை அழைப்பதும், துவக்குக்காரர் பிறர் காணிக்குட் செல்வதும் வழக்கமாகும். இவ்வேளையிற் கேட்கவேண்டிய சம்மதம் ஒருவருடையது மாத்திரமன்று.

காணி உரித்தாளரும் பயிர் செய்பவரும் வேறாயிருப்பின் இருவரையும் கேட்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ செய்பவர் தமது பயிரைப் பற்றிச் சொல்லலாம். காணியைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் உரித்தாளர். கோயிற் காணியாயின் அதன் பரிபாலகரைக் கேட்க. அரசின் அனுமதிப்பத்திரக் காணியாயின் பத்திரம் எவர் பெயரில் உள்ளதென்று பார்க்க. இவற்றுக்கு மேலாக, வெடி செல்லக்கூடிய திசையிலுள்ள அயற்காணிக்காரர் ஒவ்வொருவருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்கள் சம்மதிக்க மறுத்தால் அத்திசையிற் சுடுவதற்கு இடமில்லை என்றே கொள்ள வேண்டும்.

வாய்ச்சொல் ஊரிற் போதுமானதெனினும், பின்னர் மனத்தாங்கல் நேராதிருக்க ஒரு துண்டு எழுத்து உதவும். அது நீண்டதாய் இருக்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் முறையில் எழுதிக்கொள்ளலாம்:

“இன்ன குளத்தின் கீழுள்ள இன்ன பெயருடைய எனது வயலிற் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு, அனுமதிப்பத்திரம் உடைய இன்னார்க்கு இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை சம்மதம் அளிக்கின்றேன். கிழக்கே குடிமனைகள் இருப்பதால் அத்திசையிற் சுடலாகாது. வேறெவரும் துவக்கோடு உட்புகலாகாது.”

இதில் இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருப்பின், காணிக்காரரும் துவக்குக்காரரும் தத்தம் பொறுப்பை உணர்ந்தவராவர்.

இவ்வொழுங்கைச் செய்வதற்கு மிகப் பொருத்தமான வேளை, போகத் தொடக்கத்திற் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டமாகும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புக்களுக்கு இடமளித்துள்ளது. நீர் திறக்கும் திகதியையும் வேலி அடைக்கும் திகதியையும் பேசும் அதே கூட்டத்தில், எந்த வயலில் எவர் காவலிருப்பார், எத்திசையிற் சுடலாகாது என்பவற்றையும் பேசித் தீர்த்தால், கதிர் முற்றும் காலத்திற் சச்சரவு எழாது.

காணி தேடும் துவக்குக்காரருக்கு

பயிர்க் காவலுக்கு உதவ விரும்பும் துவக்குக்காரர் முதலிற் செல்லவேண்டிய இடம் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பின் செயலாளருமாம். எந்த யாயிற் பன்றியின் தொல்லை மிகுந்துள்ளதென்பதை அங்கே அறியலாம். பின்னர்க் காணிக்காரரைப் பகலில், அவர் வேலையற்றிருக்கும் வேளையிற் சென்று காணல் வேண்டும். அனுமதிப்பத்திரத்தை அவர் கேளாமலே காட்டுதல் நன்று. தம்மோடு எவர் வருவார், எத்தனை இரவு தங்குவார் என்பவற்றைச் சொல்லிவிட வேண்டும். பலரைக் கூட்டிக்கொண்டு வருதலும், மது அருந்தி வருதலும் ஒருபோதும் ஆகாது.

காணியைப் பகலில் நடந்து பார்க்காதவர் இரவில் அங்கே துவக்கு எடுக்கலாகாது. குடிமனை எங்கே, பாதை எங்கே, பட்டி எங்கே, அயலவரின் காவற்கொட்டில் எங்கே என்று ஒவ்வொன்றையும் காணிக்காரர் கையாற் காட்ட, துவக்குக்காரர் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டும். திறந்த கடவையை மூடி, வரம்பை உழக்காது, விடிந்ததும் நடந்ததைக் காணிக்காரரிடம் சொல்லிச் செல்பவருக்கு அடுத்த போகத்திலும் அவ்வூரில் இடமுண்டு. சம்மதத்தைப் பெறுவது ஒரு நாட் காரியம். அதனைக் காப்பாற்றுவது நடத்தையினால் ஆவது.

காவலிரவிற் கவனிக்க வேண்டியவை

பன்றி என்று எண்ணி மனிதனைச் சுட்ட துயரங்கள் நாட்டில் நேர்ந்துள்ளன. பற்றையின் அசைவையும் உறுமல் ஒலியையும் நம்பிச் சுட்டதே பெரும்பாலும் அவற்றுக்குக் காரணமாகும். காவலிரவில் வயல்வெளியில் இருப்பவர் ஒருவரல்லர். நீர் பார்க்க வருபவரும், மாடு தேடி வருபவரும், தூக்கம் தெளிந்து கொட்டிலை விட்டு இறங்குபவரும் உளர். முழு உடலும் பன்றியே என்று கண்ணாற் கண்டு தெளியாத எதையும் சுடலாகாது.

பன்னிரண்டாம் இலக்கத் துவக்கிற் பெருங்குண்டுத் தோட்டா ஏறக்குறைய 35 மீற்றருக்குள்ளேயே பன்றியை நம்பகமாய் வீழ்த்தும். ஆயின் அக்குண்டு பல நூறு மீற்றர் பறந்து சென்று ஆளைக் காயப்படுத்த வல்லது. எனவே நிலத்திலிருந்து சமமாய்ச் சுடுவதிலும், பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது பாதுகாப்பானது; தவறும் குண்டு மண்ணிற் புதையும். காற்று பன்றி வரும் வழியிலிருந்து பரணை நோக்கி வீசுமாறு பரணின் இடத்தைத் தெரிய வேண்டும். பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பமோ கூர்மையானது. பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும், வேலி கடக்கும்போதும் தோட்டாவைக் கழற்றிவிடுக. காவலிருக்கும் இரவை அயற்கொட்டில் அனைத்துக்கும் முன்மாலையில் அறிவித்துவிடுக. இரவில் ஒருவர் மற்றவரிடம் செல்லவேண்டின் வெளிச்சம் காட்டி, குரல் கொடுத்தே செல்ல வேண்டும்.

காயம்பட்ட பன்றி மிகக் கொடியது. இருளில் அதைத் தொடர்ந்து பற்றைக்குட் புகலாகாது. விடிந்தபின் இருவராய், இரத்தத் தடம் பார்த்துச் செல்க. அத்தடம் அயற்காணிக்குட் சென்றால் அக்காணிக்காரரைக் கேட்ட பின்னரே தொடரலாம். சரணாலயத்துக்குள்ளோ ஒதுக்குக் காட்டினுள்ளோ சென்றால் அலுவலருக்கு அறிவிக்க.

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபோதிலும், வடக்கிலும் கிழக்கிலும் நிலத்தில் விதைத்துச் செல்லப்பட்ட மிதிவெடிகள் எல்லா இடத்திலும் உடனே நீங்கிவிடவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 ஆம் ஆண்டிற் சேர்ந்தது. அகற்றும் பணி பல ஆண்டுகளாய் நடந்து வருகின்றது. செந்நிறப் பலகை நாட்டிய இடத்துக்குள் காயம்பட்ட பன்றியைத் தொடர்ந்து ஓடுதல் உயிரைப் பணயம் வைத்தலாகும். பன்றி உள்ளே போனால் போகட்டும்.

முற்றாக விலக்க வேண்டியவை

அனுமதி பெறுவதன் சிரமத்தை எண்ணிச் சிலர் வேறு வழிகளில் இறங்குகின்றனர். பன்றியின் கடவையிற் கம்பி இழுத்துக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, இழுத்த கால் பன்றியுடையதா, காலையிற் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையுடையதா என்று பார்ப்பதில்லை. வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் ஏற்றி வயலைச் சுற்றிக் கட்டுபவர், பல வேளைகளிற் பிணமாய்க் காண்பது தம் அயலவரை; சில வேளைகளில் அப்பிணம் கட்டியவருடையதாகவே இருக்கின்றது. இரையினுள் வெடிமருந்து வைத்துப் போடும் பன்றிவெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைகள், குறிப்பாய் இளம் யானைகள், உண்ணவும் குடிக்கவும் முடியாது பல நாள் துடித்து மாண்டுள்ளன. பயிர்நாசினி கலந்த இரை நாயையும் மாட்டையும் பறவையையும் கொல்லும். கிணற்று நீரையும் கெடுக்கும். இவை அனைத்தும் குற்றங்களாம். ஆள் கண்ணாற் பார்த்துத் தீர்மானிக்காத எந்தப் பொறியும் கமத்துக்கு ஏற்றதன்று.

சுட்ட பின்னர்

2024 ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையின் பன்றிப் பண்ணைகளிற் கண்டறியப்பட்டது. இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் பெரும்பாலும் மரணமே. ஆகையால் தானாய் இறந்து கிடக்கும் காட்டுப்பன்றியைத் தொடாது, அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். சுடப்பட்ட பன்றியின் கழிவைத் திறந்த வெளியில் எறியாது ஆழப் புதைக்க. பன்றி வளர்ப்பவர் அவ்வுடையோடும் செருப்போடும் பட்டிக்குட் செல்லலாகாது.

வேலியே முதற் காவல்

பெண்பன்றி ஏறக்குறைய நான்கு மாதம் சுமந்து, ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை, சில வேளை அதற்கு மேலும் ஈனும். ஆகவே ஒன்றிரண்டைச் சுட்டுவிட்டுக் கடவையைத் திறந்து விட்டால், அடுத்த போகத்தில் வேறு பன்றிகள் அவ்வழியே வரும். துவக்கின் பயன், பயிரை விடாது தாக்கும் பன்றியை அகற்றுவதும் மற்றவற்றுக்கு அச்சம் ஊட்டுவதுமே. நிலையான பயன் வேலியில் உள்ளது. யாய் முழுவதையும் வளைத்து எல்லோரும் ஒருநாளில் அடைக்கும் வேலி, தனித்தனி வயலுக்கு அடைக்கும் வேலியிலும் செலவு குறைந்தது, காவலும் எளிது. அயலவர் அனைவரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தால், கடைசியாய் நிற்கும் ஒருவருடைய வயலிற் பன்றிகள் எல்லாம் கூடும் நிலையும் நேராது.

வேலியும் ஒருமித்த விதைப்பும் காவலும் முறையாய் நடந்த பின்னரும் சேதம் தொடருமாயின், அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு தன் இடத்தைப் பெறலாம். அப்பொழுதும், எவருடைய காணி, எவருடைய சம்மதம், எந்த விலங்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த கையே அதைத் தூக்க வேண்டும். ஒரு மூடை நெல்லை அடுத்த போகத்தில் ஈட்டிக்கொள்ளலாம். அயல்வயலிற் காவலிருந்தவர் விடிய வீடு திரும்பாவிடின், அதை ஈடுசெய்ய எந்தப் போகமும் போதாது.